கோழிக்கு வந்த யோகம்

வா கண்ணு, வா. காருக்கு ரேஸ் சீட்டு போட்டுட்டயாமே! காரவள்ளியில இருந்து மேல ஏறி வர்றதுக்குள்ள 70 கொண்டை ஊசி. ஒவ்வொன்னுலயும் காரு ஒரு பக்கம் திரும்புச்சாம், சீட்டு ஒரு பக்கம் திரும்புச்சாம். உன் பொண்டாட்டிதான் சொன்னா. ஒரு பெட்ரோல்ல ரெண்டு சவாரி, லாபந்தானே?

சித்த நகரு, அடியில பார்க்கறேன். அடேயப்பா, கம்பெனிக்காரன் வெச்ச ஓட்டையெல்லாம் சும்மா கெடக்குது! தரைத்தகடு எண்ணெய் டின்னு கனந்தான் இருக்கும். அதனாலதான் அவன் குறுக்கால ஒரு சட்டம் ஓட்டி, அதுல நட்டை வெல்டு வெச்சு, சீட்டை அங்க பூட்டறான். உன் ரேஸ் சீட்டுக்கு அந்த ஓட்டை ஒத்து வரல. நீ என்ன பண்ணுன? ரெண்டு அங்குலம் உள்ள தள்ளி, வெறுந்தகட்டுல டிரில் போட்டுட்ட. வாசரு நாலணாக் காசு அகலம். இதுல காலண்டர் மாட்டலாம், ஆளை உக்கார வைக்கலாமா?

செம்மேட்டுல சிலையா நிக்கறானே வல்வில் ஓரி, அவன் ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சானாம். உன் போல்ட்டும் அந்தப் பரம்பரைதான். எதுலயாச்சும் ஒரு முட்டு முட்டுச்சுன்னா தகட்டைப் பிச்சுக்கிட்டுக் கிளம்பிரும். அப்புறம் எது எதைத் துளைக்குமோ, ஓரிக்கே வெளிச்சம்.

நாமக்கல் பட்டறையில 30 வருசம் லாரிக்குப் பாடி கட்டுனவன் சொல்றேன், கேக்கறதுன்னா கேளு. நிசமாவே ரேஸ் ஓட்டறவனுக்கு எஃப்.ஐ.ஏ.ன்னு ஒரு சங்கம் இருக்குது. ஒரு சீட்டுக்குக் குறைஞ்சது நாலு இடத்துல பிடிமானம், 8 மில்லி போல்ட்டு, தகட்டுக்கு அடியில 3 மில்லி இரும்புப் பட்டை. ஒவ்வொரு இடத்துலயும் பட்டை 40 சதுர சென்டிமீட்டராச்சும் தகட்டுல படியணும்னு அவன் கணக்கு. ரெண்டு தீப்பெட்டியை ஒட்டி வெச்சா அதைவிடக் கொஞ்சம் பெருசு. சீட்டை மட்டும் அவங்கிட்ட பார்த்துக்கிட்டயே, பட்டையைப் பார்க்கலயா?

பெல்ட்டு மாட்டற கொக்கி பழைய சீட்டுலதானே இருந்துச்சு? எங்க அது? ஓ, சீட்டோட கழட்டியாச்சா. சரி, பெல்ட்டை அரைஞாண்ல முடிஞ்சுக்க.

அந்த மஞ்சள் சாக்கெட்டை நோண்டாத, கையை எடு! காத்துப்பைக்குப் போற ஒயரு அது. பேட்டரியைக் கழட்டிப்போட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் தொடணும். இதை மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லல.

கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தி வண்டி ஓட்டக் கூடாதுன்னு 2019 ஜனவரியிலயே உச்ச நீதிமன்றம் சொல்லிப்போடுச்சு. ஆனா குறுக்குச் சட்டத்தையே விட்டுப்போட்டு வந்தவனுக்கு, கோர்ட்டு சட்டம் எந்த மூலைக்கு?

பழைய சீட்டா? திண்ணையில கெடக்குது. நீ வீசிட்டுப் போன அன்னைக்கே கருங்கோழி ஏறி அடைக்கு உக்காந்துருச்சு. ஒரு ஆட்டம் உண்டா, அசைவு உண்டா பாரு. 21 நாளாகும் குஞ்சு பொரிக்க. அது எறங்கட்டும், கழுவித் தர்றேன். அது வரைக்கும் நாமக்கல் போகணும்னா பஸ்ஸுல போ. ஏய், கிட்டப் போகாத, கொத்தும்.