தீவுக் காதல்: கைக்கிளையா, ஐந்திணையா?

ஆய்வுச் சுருக்கம்

ஏதோ ஒரு வடகடல் தீவுக்கு இரண்டொரு நாள் பயணமாகப் போனவர், திரும்புவதற்குள் அத்தீவின்மேல் காதல் வயப்படுதல் என்னும் நோய் பரவலாகக் காணப்படுகிறது. அகத்திணை இலக்கணத்தில் இந்நோய் எவ்வகையைச் சாரும் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் யாருக்கு என்ன பயன் என்ற வினா ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

1. ஆய்வுக்களம்

பால்டிக் கடலில் ஸ்வீடனுக்குச் சொந்தமான கோட்லாந்து தீவு இருக்கிறது. அதன் வடகோடியில் ஒட்டியும் ஒட்டாமலும் கிடப்பது ஃபோரோ. ஆண்டு முழுவதும் குடியிருப்போர் சுமார் 500 பேர், ஆடுகள் ஏராளம். ஃபோரோசுண்ட் துறையில் காத்திருந்தால் மஞ்சள் நிறப் படகு ஒன்று காரோடு ஏற்றிக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் அக்கரையில் இறக்கிவிடும். கட்டணம் கிடையாது. 'காசு கொடுத்து வந்துவிட்டோம், பிடித்துத்தான் ஆகவேண்டும்' என்ற மனக்கணக்குக்கு இங்கே இடமில்லை என்பதால் இக்களம் தெரிவு செய்யப்பட்டது. கோட்லாந்து வரை வந்த செலவைச் சேர்க்க வேண்டாமா எனின், சேர்த்தால் ஆய்வு கெடும் என்க.

2. நோய்க்குறிகள்

முதல் நிலை: படகை விட்டு இறங்கியதும் குரல் தானாகத் தாழும்.

இரண்டாம் நிலை: ஆட்டைப் படமெடுத்தல். எடுத்த படங்களை இரவில் பார்த்து, ஒவ்வோர் ஆட்டின் முகத்திலும் தனித்த ஞானம் காணுதல்.

மூன்றாம் நிலை: புல் வேய்ந்த ஆட்டுக்கொட்டகை ஒன்றின் முன் நின்று, "இதுக்கு ஒரு ஜன்னல் வெச்சா போதும், நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம்" என்று துணையிடம் கூறுதல். துணை விடை கூறாமையும் இந்நிலைக்கே உரியது.

நான்காம் நிலை: நிலத்தின் விலை விசாரித்தல். பெரும்பாலோர்க்கு நோய் இங்கேயே தணிந்துவிடும்.

3. நோய்க்காரணிகள்

முதற்காரணி கல். லாங்ஹம்மர்ஸ் கடற்கரையில் ரௌக் எனப்படும் சுண்ணாம்புக்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மென்மையான பகுதியை அலை அரித்துக்கொண்டு போக, கெட்டிப்பட்ட பகுதி எஞ்சிய உருவங்கள் இவை. காலடியில் கிடக்கும் கூழாங்கல் ஒன்றைக் கையிலெடுத்துக் கண்ணருகே பிடித்தால், நடுவில் துளையிட்ட சிறு வட்டச் சில்லுகள் கல்லுக்குள் அடுக்கடுக்காகத் தெரியும். கடல் அல்லி என்ற உயிரினத்தின் தண்டுத் துண்டுகள் அவை. பக்கத்திலேயே பவளத்தின் கண்ணறைகள். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். அது பாதுகாக்கப்பட்ட இடம்.

குளிர்கடலில் பவளம் எப்படி வந்தது? நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்நிலம் பூமத்திய ரேகைக்கு அருகே ஓர் இளஞ்சூட்டுக் கடலின் அடியில் கிடந்தது. பிறகுதான் மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தது. ஆகவே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு அந்தக் கல்லைத் தடவும் தென்னாட்டுப் பயணிக்கு ஏதோ முற்பிறவித் தொடர்பு தோன்றினால், அதற்கு மண்ணியல் ஆதாரம் உண்டு. முன்னால் குடிபெயர்ந்தது கல்தான்.

இரண்டாம் காரணி சோறு. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, குங்குமப்பூ சேர்த்து, அடுப்பில் சுட்டெடுத்து, பழக்கூழும் கிரீமும் வைத்துத் தருவது கோட்லாந்தின் பெயர்பெற்ற இனிப்பு. இதைத் தின்ற தமிழரின் வாக்குமூலம் நடுநிலையானதன்று என்பதால் ஏற்கப்படவில்லை.

மூன்றாம் காரணி ஒளி. ஜூனில் பதினெட்டு மணி நேரம் பகல். இந்தச் சலுகையின் மறுபக்கமாக டிசம்பரில் சுமார் ஆறரை மணி நேரமே பகல்.

4. சூத்திரம்

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படுவது: வெயிலைக் கல்லால் பெருக்கித் தங்கும் நாட்களால் வகுத்தால் கிடைப்பது காதல். நாள் கூடக்கூடக் காதல் குறையும்.

ஜூலை மாதத் தீவு, பெண் பார்க்கும் படலத்து வீடு. பஜ்ஜி சொஜ்ஜி மணக்கும். உறவெல்லாம் சிரித்த முகமாயிருக்கும். அந்த ஒரு மாலையை வைத்துக் குடும்பத்தை அளந்தவர்கள் பின்னர் பட்ட பாடு உலகறிந்தது. எனவே ஜூலைக் காதலைக் கைக்கிளை என்றே கொள்க. ஒருதலைக் காமம், தீவுக்குச் செய்தியே தெரியாது.

5. நேர்வாய்வு

சூத்திரத்துக்கு அடங்காத நேர்வு ஒன்று உண்டு. 1960ல் ஸ்வீடன் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன் தம் புதிய படத்துக்கு ஆர்க்னி தீவுகளே வேண்டுமென்று நின்றார். செலவை நினைத்து அஞ்சிய தயாரிப்பாளர் தரப்புக்கு ஃபோரோவின் பெயர் கிடைத்தது. பார்த்துவிட்டு 'இது உதவாது' என்று சொல்லிவிடலாம் என்றுதான் பெர்க்மன் போனார். ஏப்ரல் மாதம், புயலடித்த நாள். அன்றே வீழ்ந்தார். வாழ்நாள் முழுக்க இங்கேயே இருக்க விரும்புவதாக ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டிடம் சொன்னதைத் தன்வரலாற்றில் பதிந்திருக்கிறார். 'பெர்சோனா' உள்ளிட்ட படங்களை இங்கே எடுத்தார். 1967ல் தீவின் ஹம்மர்ஸில் வீடு கட்டினார். தீவு மக்களைப் பற்றியே இரண்டு ஆவணப்படங்கள் எடுத்தார். 2007 ஜூலை 30 அன்று அவ்வீட்டில் இறந்தார். ஃபோரோ தேவாலய வளாகத்தில் அடக்கமானார்.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கிக்கும் ஃபோரோ மீது ஆசை இருந்தது. அப்போது அது அயல்நாட்டார் நுழையக் கூடாத ராணுவ வட்டாரம், அனுமதி கிட்டவில்லை. பொருந்தாக் காமமாகிய பெருந்திணைக்குரிய மடலேறுதலை அவர் மேற்கொள்ளவில்லை. கோட்லாந்திலேயே வேறொரு கரையில் 'தி சாக்ரிஃபைஸ்' படத்தை எடுத்து அமைந்தார்.

6. முடிவு

பெர்க்மனின் காதல் புயலில் பிறந்தது; அதனால் அவர் பக்கம் ஐயமில்லை. ஆனால் ஐந்திணை எனப்படுவது ஒத்த காதல். தீவு அவரைக் காதலித்ததா? இதற்கும் சான்று உண்டு. பெர்க்மன் வீடு எங்கே என்று கேட்டு வரும் வெளியாருக்கு ஊர்க்காரர்கள் வழி சொல்லமாட்டார்கள் என்பது நெடுநாளைய பேச்சு. ஒருவருக்காக ஊரே வாய்மூடி நின்றால், அதைவிட மேலான காதல் சான்று அகத்திணையிலும் இல்லை.

ஆகவே இவ்வாய்வு முன்வைக்கும் அளவுகோல் இது ஒன்றே: உங்களைத் தேடி வருபவரிடம் தீவு வாய்மூடி நிற்க வேண்டும். ஜூலையில் வருபவரை இந்த அளவுகோலால் அளக்கவே முடியாது. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பெர்க்மன் வீடு எங்கே என்று கேட்பவரே அவர்தான்.