முக்காலி அங்கிள்

சித்தியவானில் தாமானுக்கு ஒரு முக்காலி அங்கிளாவது இருப்பார். வேலை ஓய்வு, புதுக் கைப்பேசி, அதை மாட்ட ஒரு முக்காலி, மூன்று வாட்சாப் குழு: இவ்வளவு போதும், ஒருவர் உருவாகிவிடுவார். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலையில் ஊரே காவடியைப் பார்க்க, அவர் மட்டும் அண்ணாந்து நிலாவைத் தேடிக்கொண்டிருப்பார்.

முதல் படம் எப்போதும் ஒரு வெள்ளைப் பொட்டுதான். "அங்கிள், தெருவிளக்கா இது?" என்று குழுவில் யாராவது கேட்பார்கள். பாவம், குற்றம் அவருடையதல்ல. கைப்பேசியின் பிரதான கேமரா ஏறக்குறைய 70 பாகை அகலத்தை ஒரே படத்தில் அடக்கிவிடுகிறது. வானத்தில் நிலாவோ அரைப் பாகைதான். படத்தின் அகலத்தில் 140இல் ஒரு பங்கு. சுற்றிலும் இருட்டைக் கண்ட கருவி வெளிச்சத்தைக் கூட்ட, நேர் வெயிலில் கிடக்கும் பாறையான நிலா வெளுத்துப் போகிறது. நிலாவை விரலால் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்தால் சரியாகிவிடும். பேரன் சொல்லிக்கொடுத்த இந்த வித்தையை அங்கிள் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகக் குழுவில் போட்டார்.

பிறகு 100 மடங்கு ஜூம் வைத்த சாம்சங் வந்தது. பள்ளம் மேடோடு நிலா படத்தில் விழுந்தது. குழுவில் கைகூப்பும் படங்கள் குவிந்தன.

2023 மார்ச்சில் வெளிநாட்டில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் போட்டு, இருட்டறையில் தள்ளி நின்று சாம்சங்கால் எடுத்தார். திரையில் இல்லாத விவரமெல்லாம் படத்தில் முளைத்தது. நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவு தெளிவாக்குகிறது என்று நிறுவனம் விளக்கியது. அங்கிளிடம் இதைச் சொன்னால் கலங்க மாட்டார். "அப்போ என் போனுக்கு நிலாவ முன்னமே தெரியும்னு ஆச்சுல்ல?" என்பார்.

நட்சத்திரம்தான் அவரைப் படுத்தும். 2019இல் வந்த கூகுள் பிக்சல் 4, ஒவ்வொன்றும் 16 விநாடிக்கு மிகாத படங்களாக நான்கு நிமிடம் வரை எடுத்து ஒன்றாகக் கோத்தது. அந்த நான்கு நிமிடத்தில் பூமி ஒரு பாகை சுழன்றிருக்கும், அதாவது இரண்டு முழுநிலா அகலம். நகர்ந்த நட்சத்திரங்களை மென்பொருள் நேர்ப்படுத்திவிடும். கொசு கடித்து அங்கிள் அடித்துக்கொள்வதை எந்த மென்பொருள் நேர்ப்படுத்தும்? செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் முக்காலியை ஊன்றி, மூச்சை அடக்கி நிற்பார். இரண்டாம் நிமிடம் பளார்.

சித்தியவான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கு பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்து மட்டைகளுக்குள் ஒளிந்துகொண்டாலும், தெற்குச் சிலுவை வாகாகத் தெரியும். அங்கிளோ புதுக் கோள் தேடுவார். ஒன்று கிடைத்தும் விட்டது. அது மஞ்சோங் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் விளக்கு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எண்பது தாண்டிய அவர் அம்மா, ரப்பர் மரம் சீவியவர், ஒரு படத்தை மட்டும் உற்றுப் பார்த்தார். "விடிவெள்ளிடா. இதப் பாத்துத்தான் பெரட்டுக்குக் கெளம்புவோம். இதுக்கு ஏன் வால் மொளச்சிருக்கு?"

2025 செப்டம்பர் 8, முழுச் சந்திர கிரகணம். அதிகாலை 1:30 முதல் 2:52 வரை நிலா நிழலுக்குள். அங்கிள் பழக்கதோஷத்தில் வெளிச்சத்தைக் கீழே இழுத்தார். மங்கிப்போன கிரகண நிலாவுக்குக் கூட்ட வேண்டும். படம் முழுக்கக் கறுப்பு. "மேகம்" என்று குழுவில் போட்டுவிட்டுப் படுத்தார்.

அடுத்தது 2026 மார்ச் 3, நிலா கிரகணத்தோடேயே உதிக்கும் என்றதும் தெலுக் பாத்திக் கடற்கரையில் இடம் பிடிக்கத் திட்டம் போட்டார்.

"அப்பா, அது மேற்கப் பாத்த கடற்கரை. நிலா கெழக்க வரும்," என்றாள் மகள்.

"கெழக்க என்ன இருக்கு?"

"ஆயர் தாவார் பக்கம். செம்பனை."

"கொசுவத்தி ரெண்டு பெட்டி வாங்கி வை."