பனிக்கட்டிமேல் மின்விசிறி: ஒரு தடைவிடை ஆராய்ச்சி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. குளிர்காலத்தில் அவை உறைந்துவிடும். தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமாவது கனத்த பிறகே ஆள் கால் வைக்க வேண்டும் என்பது அம்மாநில இயற்கைவளத் துறையின் அறிவுரை. கனத்ததும் மில் லாக்ஸ் போன்ற ஏரிகளின் மேல் மடக்குக் கூடாரங்கள் முளைக்கின்றன. உள்ளே ஒருவர் கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்து, திருகுத் துரப்பணத்தால் பனிக்கட்டியில் துளையிட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, வால்ஐ மீன் மனமிரங்கும்வரை துளையையே பார்த்துக்கொண்டிருப்பார். (தொழிலைப் பார்த்தால் நெய்தல், நிலமோ நீரின் முதுகு. இதை எந்தத் திணையில் அடக்குவது என்பது தனி ஆய்வுக்குரியது.) வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ். அவர் தலைக்கு மேலே பேட்டரியில் ஓடும் கையகல மின்விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. சித்திரை வெயிலில் விசிறிக்கு ஏங்கி வளர்ந்த நமக்கு இது பேதைமையாகத் தோன்றும். பேதைமையன்று, அந்தக் கூடாரத்துக்குள் இருக்கும் பொருள்களிலேயே தன் விலைக்கு மிகுதியாக உழைப்பது அந்த விசிறிதான் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். முறை, நம் பழைய உரையாசிரியர்கள் கையாண்ட தடைவிடை.

முதலில் சான்று. கூடாரத்துக்குள் ஒரு புரோப்பேன் ஹீட்டர் எரியும். இவ்வகை ஹீட்டர்களில் பரவலாக வழங்குவது முழு வீச்சில் சுமார் 2,600 வாட் வெப்பம் தரும். அத்தனை சிறிய துணியறைக்கு அது தாராளம். ஆனால் 30 பாகைக் காற்று, பூஜ்யப் பாகைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசானது. ஆகவே ஹீட்டர் ஈட்டுவதெல்லாம் மேலேறிக் கூரைத் துணியோடு ஒட்டிக்கொள்கிறது, அங்கிருந்து துணி வழியே வெளியே கசிகிறது. தரைக்கோ இன்னொரு சாபம்: அது பனிக்கட்டி. மேலே எத்தனை பாகை சூடானாலும் தரை பூஜ்யத்தைத் தாண்டாது. தாண்ட முயன்றால் அது தரையாக இராது, தண்ணீராகிவிடும். விளைவாக, ஒரே மனிதரின் நெற்றி வியர்க்கும், கால்விரல் மரத்துப்போகும். பரணில் நெல் நிறைந்திருக்க அடுக்களையில் பட்டினி கிடப்பது போன்ற நிலை இது. இதற்குத் தீர்வு இன்னொரு ஹீட்டர் என்று நினைப்பது, பரணில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றுவதுதான். வேண்டியது இறக்குகிற ஆள். அந்த வேலையை 3 வாட் விசிறி செய்கிறது. அது உண்பது ஹீட்டர் எரிப்பதில் எண்ணூறில் ஒரு பங்குகூட இல்லை. அது புதிதாக உண்டாக்கும் வெப்பம் கணக்கில் சேராத துளிதான், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தை உரியவரிடம் சேர்க்கிறது. துளையின்மேல் வெதுவெதுப்பான காற்று உலவுவதால் அங்கே பனியாடை படிவதும் தாமதப்படுகிறது. துளையை அடிக்கடி கரண்டியால் வழிக்க வேண்டியதில்லை என்பது மீன்பிடிப்பவருக்குக் கால்விரலைவிடப் பெரிய லாபமாகவும் இருக்கலாம்.

அற்றன்று, வீசும் காற்று உடலைக் குளிர்விக்குமன்றோ, காற்றுக்குளிர் அளவை என்றே ஒன்று உண்டே எனின், உண்டு. சைப்பிள், பாசல் என்ற இருவர் அன்டார்டிகாவில், பிளாஸ்டிக் உருளையில் ஊற்றிய நீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து எழுதி 1945இல் வெளியான ஆய்வே அந்த அளவைக்கு மூலம். அமெரிக்காவும் கனடாவும் 2001இல் அதைத் திருத்தி இன்று வழங்கும் சூத்திரத்தை ஏற்றன. ஆனால் அச்சூத்திரம் வெப்பநிலை 10 பாகைக்குமேல் போனால் செல்லாது. காற்றின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் குறைந்தாலும் செல்லாது. கூடார உச்சியில் தொங்கி, முகத்தை நோக்காமல் நேர்கீழே மெல்ல ஊதும் விசிறி இந்த இரண்டு எல்லைகளுக்கும் வெளியே நிற்கிறது. முகத்தை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு குளிர்கிறது என்பவருக்கு விடை சொல்வது ஆய்வாளர் கடமையன்று.

சூடான காற்றைக் கீழே தள்ளினால் உட்கார்ந்திருக்கும் தரையே கரைந்துபோகாதா என்பது அடுத்த தடை. கேட்பதற்கு அச்சமூட்டுவது, கணக்கிட்டால் அடங்கிவிடுவது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். நான்கு சதுர மீட்டர் தரையின்மேல் 10 பாகைக் காற்று மெல்லத் தவழ்கிறது என்று கொண்டால், தோராயமாக மணிக்கு இரண்டு கிலோ உருகும்; தரை முழுவதும் பரப்பினால் அரை மில்லிமீட்டர். ஒரு நாள் முழுக்க அமர்ந்தாலும் ஏரி காலை வாராது, பூட்ஸ் மட்டும் நனையும். பூட்ஸ் நனைவது மெய்யான குறைதான். காலடியில் ரப்பர்ப் பாய் விரித்தால் போயிற்று.

விசிறியின் ஓசை மீனை விரட்டும் என்பாரும் உளர். காற்றில் பிறந்த ஒலி நீர்ப்பரப்பில் மோதும்போது அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது, மீதி திரும்பிவிடுகிறது. ஆயினும் இத்தடையை முற்றத் தள்ள இயலாது. விசிறியைப் பனிக்கட்டியின்மேலேயே நிறுத்தினால் அதன் அதிர்வு காற்றை நம்பியிராது. கட்டி வழியே நேராக நீருக்குள் இறங்கும், பக்கக்கோட்டு உணர்வுள்ள மீன் அதை அறியும். எனவே தொங்கவிடுக என்பது விதி. இந்த விதி இன்னொரு வழக்கையும் தீர்க்கிறது. குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்பது உண்மை. லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு உறைநிலைக்குக் கீழே வெகுவாகச் சுருங்கும், அந்த நிலையில் மின்னேற்றம் செய்தால் அது கெட்டும்போகும். ஆனால் விசிறியோடு பேட்டரியும் கூரையருகே தொங்கினால், கூடாரத்திலேயே வெதுவெதுப்பான இடம் அதற்குத்தான். 10,000 மில்லியாம்ப் மணிப் பவர்பேங்க் ஒன்று எட்டு மணி நேரம் தாங்கும், பெரும்பாலும் மீன்பிடிப்பவரின் பொறுமையைவிட அதிகமாக.

எந்த விசிறியாலும் வெல்ல முடியாத தடை ஒன்றும் இருக்கிறது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. ஒரு பவுண்டுச் சிலிண்டர் தீரும்போது முக்கால் லிட்டர் தண்ணீர் கூடாரத்துக்குள் எங்கோ இருக்கிறது, பெரும்பாலும் கூரைத் துணியில், பிறகு கழுத்துப்பட்டியில். இதுவாவது எரிச்சல்தான். எரிவு அரைகுறையானால் பிறக்கும் கார்பன் மோனாக்சைடோ மணமற்றது, நிறமற்றது, ஆளைக் கொல்வது. அதன் எடை ஏறக்குறைய காற்றின் எடையே. மேலேயும் தங்காது, கீழேயும் தங்காது, எங்கும் கலக்கும். விசிறி அதைக் கலக்கி விடுமேயன்றி வெளியேற்றாது. உள்ளிருப்பதை உள்ளேயே சுற்றவைப்பது மட்டுமே அதன் தொழில். விசிறி ஓடுகிறதே, காற்றோட்டம் இருக்கிறதே என்று எண்ணுபவர் இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறார். ஹீட்டரில் உயிர்வளிக் குறைவை உணர்ந்து அணையும் கருவி இருந்தாலும், அது இந்த நச்சை அளப்பதில்லை.

ஆகவே தீர்ப்பு: விசிறி தகும், உச்சியில் தொங்குக, முகத்தைத் தவிர்க்க, மெல்லச் சுழல்க. கூடாரத்தின் மேல் திறப்பையும் அடித் திறப்பையும் எத்தனை குளிரானாலும் மூடிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் விசிறிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள். அதன் பேட்டரியை விசிறிக்குக் கடன் கொடுக்காதீர்கள்.