ஆபீஸ் கூலியும் திண்ணைக் கூலியும்: ஓர் ஒப்பாய்வு

சம்பளம் கூடின ஆபீஸ் வேலையா, சம்பளம் குறைந்தாலும் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையா? இந்த வினா கொரோனாவோடு பிறந்தது என்று சென்னையில் பலர் நம்புகிறார்கள். பிழை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து 1923இல் சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். பின்னாளில் பெட்டி ஒட்டும் வேலை ஆலைக்குள் அடங்காமல் தெருத் தெருவாகப் பரவியது. அன்றிலிருந்து இவ்வட்டாரத் திண்ணைகளில் நடந்துவரும் விவாதம் இது. ஆய்வுலகம்தான் காது கொடுக்கவில்லை.

முதற்கண் வரையறை. விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், இல்லையேல் பட்டாசு ஆபீஸ். விடியுமுன் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். பட்டாசு ஆபீஸின் வெடிமருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது. நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பருத்தி உடைதான் உடுத்தலாம். செல்போனுக்கு அனுமதி இல்லை. (மேலதிகாரி போனில் பிடிக்க முடியாத ஆபீஸ் இந்தியாவில் இது ஒன்றுதான் இருக்கும்.)

மற்றது திண்ணை வேலை. ஏஜென்ட் காகிதக் கட்டை இறக்கிவிட்டுப் போவார். பட்டாசுக்கான வெறுங்குழாய் சுருட்டிக் கொடுக்க வேண்டும். கூலி குரோஸ் கணக்கு. குரோஸுக்கு 144 உருப்படி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையில் இதைத்தான் வீட்டுத் தொழில் என்று வரையறுத்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு நகர்வோம்.

இனிக் கோட்பாடு. கடினமும் அருவருப்பும் கூடக் கூடக் கூலியும் கூட வேண்டும் என்று 1776இல் எழுதியவர் ஆடம் ஸ்மித். தூக்குப் போடுகிறவரை உதாரணம் காட்டினார். பட்டாசு ஆபீஸ் கூலி திண்ணைக் கூலியை விட ஏன் அதிகம் என்பதற்கு இதுவே போதும். 2017இல் மாஸ், பல்லாய் என்ற இரு பொருளியலர்கள் அமெரிக்காவில் கால் சென்டர் வேலைக்கு மனுப் போட்டவர்களை ஆராய்ந்து, வீட்டிலிருந்து வேலை பார்க்க அவர்கள் சராசரியாகச் சம்பளத்தில் 8 சதவீதம் விட்டுக்கொடுப்பார்கள் என்று கண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கலஸ் புளூம் குழுவினர் சீனாவின் சிட்ரிப் நிறுவனத்தில் நடத்திய சோதனையில், வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் ஏறியது. கலந்துகொண்டவர்களுக்கு வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை.

தனி அறை! இந்த நிபந்தனையுடன் ஆய்வுக்களம் தேடினால் ஒரு தெருவும் தேறாது. ஆகவே நிபந்தனையைக் கைவிட்டு, திருத்தங்கல் பக்கம் ஒரு வீட்டைத் தேர்ந்தோம். அங்கே ஒரே கூரையின் கீழ் இரண்டு வீட்டுப் பணியாளர்கள். அம்மா திண்ணையில் குழாய் சுருட்டுகிறார். மகன் உள்ளே கட்டிலில் மடிக்கணினியோடு இருக்கிறான். சென்னைக் கம்பெனி, ஊரிலிருந்தே வேலை. சென்னைக்கே வந்துவிட்டால் சம்பளம் கூட்டித் தருவதாக வேறொரு கம்பெனி அழைக்கிறது. வந்த குழப்பம் இதுதான்.

“ஏய்யா, இன்னைக்கு எத்தன குரோஸ் முடிச்ச?”

“ரெண்டு மீட்டிங் முடிச்சிருக்கேம்மா.”

“அதுக்குக் கூலி உண்டா?”

மகன் பதில் சொல்லவில்லை. மேற்படி இருவரின் பணியமைப்பில் இம்மியும் வேறுபாடு இல்லை. ஆனால் மகன் “வொர்க் ஃப்ரம் ஹோம்”, அம்மா “வீட்டுல சும்மாதான் இருக்கேன்”. இப்படிச் சொல்வது அவரேதான், கை குழாயைச் சுருட்டிக்கொண்டே இருக்கும்போது.

திண்ணைக் கூலியில் காட்டாத கழிவுகள் பல. பசை காய்ச்சும் அடுப்பு, விளக்குக் கரண்ட், குழாய் காயவைக்கும் மொட்டைமாடி எல்லாம் தொழிலாளியின் முதலீடு. பள்ளி விட்டு வரும் பேத்தியும் கட்டு எண்ணிப் போடும் பக்கத்து வீட்டு மதினியும் சம்பளப் பட்டியலில் இல்லாத ஊழியர்கள். ஏஜென்ட் வராத நாளில் சரக்கைக் கொண்டுபோக ஆட்டோ வாடகை வேறு. இவற்றைக் கழித்தால் அமெரிக்கர்களின் 8 சதவீதம் வெட்கப்பட்டு ஓடும்.

ஆபீஸ் மட்டும் நிலையானதா என்றால் அதுவும் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஆபீஸ் பூட்டினால் திண்ணைக்கும் காகிதம் வராது. அம்மா முதலில் ஒட்டியது மரச்சீவல் தீப்பெட்டி. அட்டைப் பெட்டி வந்ததும் அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. “மெஷின் வந்தா மொதல்ல வீட்டு வேலைக்காரிக்குத்தான் இல்லம்பான்” என்கிறார். மகன் மடிக்கணினியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

ஸ்மித்தின் விதி சறுக்கும் இடமும் உண்டு. உரிமம் இல்லாத வீட்டில் மருந்து செலுத்துவதற்கு 1884 வெடிபொருள் சட்டமோ 2008 விதிகளோ இடம் தரவில்லை. ஆனாலும் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வீடுகள் வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஆபீஸின் ஆபத்து வீட்டுக்கு வரும். செம்புத் தகடும் இன்சூரன்சும் கூடவே வருவதில்லை. இந்தப் பத்தியில் ஆய்வாளருக்குக் கேலி வரவில்லை.

முடிவுரைக்கு முன்பே அம்மா தீர்ப்பு வழங்கிவிட்டார். சென்னை வாடகை, மெஸ் சாப்பாடு, தீபாவளிக்கு ஊர் வரும் ஆம்னி பஸ் கட்டணம் என்று விரல் மடக்கி, கூடுதல் சம்பளத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார். மகன் இங்கேயே இருக்கட்டுமாம்.

“பாசமா?” என்று கேட்டோம்.

“இவன்ட்ட வண்டி இருக்குல்லா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கட்டைக் கொண்டு ஏஜென்ட்ட போட்டுட்டு வந்துருவான். ஆட்டோக் காசு மிச்சம்.”