கொட்டகையில் ஒரு கோடீஸ்வரன்?

கேள்வி: தாத்தாவின் ஹெரால்டு கார் கொட்டகையில் கிடக்கிறது. ஏலத்தில் விட்டால் கோடி தேறுமா?
– வாசகர், மேல்சித்தாமூர்

பதில்: கோடி தேறுவது கடினம். ஆனால் உறவுமுறை பெரிய இடம். சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் தயாரித்த அதே ஹெரால்டு மாடலின் சேஸியைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பெரியப்பா மகன் பந்தயத்துக்குப் போனான். இவன் கல்யாண ஊர்வலத்துக்குப் போனான்.

விலையைத் தீர்மானிப்பது வயதல்ல, அரிய தன்மையும் வரலாறும். ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே நாற்பதுக்குள்தான். அதில் ஒன்று 2018-இல் கலிஃபோர்னியாவில் 4.84 கோடி டாலருக்குப் போனது. 1955-இன் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே இரண்டே இரண்டு. ஒன்றை வடிவமைப்பாளர் ஊலென்ஹாட்டே அலுவலகத்துக்கு ஓட்டிப் போவாராம்! 2022-இல் ஸ்டுட்கார்ட்டில், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் கலந்துகொண்ட ஏலத்தில், அந்த இரண்டில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது. நம் கணக்கில் ஆயிரம் கோடிக்கு மேல்.

சுத்தியல் விழுந்த விலையோடு முடிவதில்லை. வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கமிஷனும் கட்ட வேண்டும். எஞ்சின் எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்றும் துருவுவார்கள். தாத்தா அந்த வண்டியைச் சோழவரம் பந்தயத்தில் ஓட்டிய புகைப்படம் இருந்தால் பத்திரம்.

விற்க மனமில்லையா? வண்டிக்கு 50 வயது ஆகி, பெரிதாக மாற்றாமலும் இருந்தால், 2021 விதிப்படி 20,000 ரூபாய் கட்டி ‘விஏ’ எழுத்துகளுள்ள எண் வாங்கலாம். அப்புறம் செஞ்சிக்குக் காய்கறி வாங்க அதில் போகக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் போகலாம்!