இல்லத்து டிரெட்மில்: மூலமும் உரையும்

தமிழில் வெளிவரும் எந்த ஆய்வேடும் தன் பொருளைத் தொடும் முன் ஆய்வின் நோக்கம், எல்லை, கருதுகோள், அணுகுமுறை, முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம், இயல் பகுப்பு என்னும் ஏழு கடல்களைத் தாண்டியாக வேண்டும். இந்த ஆய்வும் அந்நெறிக்குக் கட்டுப்பட்டதே. நோக்கம்: வீட்டில் டிரெட்மில் வாங்கியவர் விழாமல் நடப்பது. எல்லை: கூடத்தின் வடகிழக்கு மூலை. கருதுகோள்: விழுவார்.

முதன்மை ஆதாரம், பெட்டியோடு வரும் பயனர் கையேடு. இது டிவி ஸ்டாண்டின் கீழ் இழுப்பறையில் மிக்சி வாரண்டி அட்டைக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடைக்கிறது. மூலநூலைப் படித்தவர் எவரும் இலர். உரை சொல்லாதவரும் எவரும் இலர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதுகாறும் அறியப்பட்ட உரைகள் நான்கு: மாமனார் உரை, மருமகன் உரை, கருவியைப் பொருத்த வந்த தம்பி ஷூவை மாட்டிக்கொண்டே சொன்ன வாய்மொழி உரை, எதிர்வீட்டுக்காரர் மறுப்புரை. இவற்றுள் மூன்றாவது மட்டுமே மூலத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே அறிஞர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இயல் 1: தோற்றமும் காலமும்

1818 வாக்கில் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட், சிறைக்கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை அமைத்தார். அகன்ற உருளை, அதைச் சுற்றிப் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் படிகளில் ஏறிக்கொண்டே இருப்பார்கள். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, சிலவற்றில் தண்ணீர் இறைத்தது, சிலவற்றில் எதையும் செய்யாமல் காற்றை அரைத்தது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1895-ல் லண்டன் பென்டன்வில் சிறையில் இதில் ஏறினார். 1898-ம் ஆண்டுச் சிறைச் சட்டத்தோடு பிரிட்டனில் இதன் காலம் முடிந்தது. தண்டனையை மாதத் தவணையில் வாங்கும் முறை பின்னால் வந்தது.

1913-ல் அமெரிக்காவில் கிளாட் ஹேகன் என்பவர் ஓடும் பட்டை கொண்ட பயிற்சி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1950-களில் சியாட்டிலில் இதய மருத்துவர் ராபர்ட் புரூஸும் பொறியாளர் வேய்ன் குவின்டனும் அதை மருத்துவச் சோதனைக்குக் கொண்டுவந்தனர். மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீதச் சாய்வு என்று தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஏற்றும் புரூஸ் முறை 1963-ல் வெளியானது. நெஞ்சுவலி என்று போனால் 'டிஎம்டி எடுத்துட்டு வாங்க' என்கிறார்களே, அது இதுதான். 1968-ல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' நூல் வந்தது. அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் வீட்டுக்கேற்ற டிரெட்மில்லைச் செய்தார்.

இவ்வரலாறு கியூபிட்டிலிருந்து தொடங்குவதை ஏற்க மறுப்போரும் உளர். கிணற்று ஏற்றத்தின் மரத்தில் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடக்க, சால் இறங்கி ஏறியதே, அது டிரெட்மில் அன்றி வேறென்ன என்பது அவர்கள் வினா. காலத்தை எத்தனை நூற்றாண்டு பின்னே தள்ளலாம் என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது கருத்தரங்குக்கு ஒதுக்கிய நிதியைப் பொறுத்தது. ஏற்றத்தில் நடந்தால் வயலுக்குத் தண்ணீர் வந்தது என்ற ஒரு சிறு வேறுபாட்டை அவர்கள் அடிக்குறிப்பில் தீர்த்துவிடுகிறார்கள்.

இயல் 2: இடம்

கருவியின் பின்னால் 2 மீட்டரும், பக்கங்களில் சுமார் அரை மீட்டரும் காலியாக விட வேண்டும். சென்னை அடுக்குமாடி வீடுகளில் அந்த 2 மீட்டரில் ஒரு பீரோவும் ஒரு கட்டிலும் குடியிருக்கின்றன. பின்னால் சுவர் இருப்பதே நல்லது, விழுந்தால் தாங்கிக்கொள்ளும் என்பது மாமனார் உரை. சுவர் தாங்கத்தான் செய்யும். ஓடும் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆளைப் பிடித்து நிறுத்திவைக்கும். பெல்ட் தன் வேலையைத் தொடர்ந்து செய்து தோலை உரிக்கும்.

இயல் 3: மின்சாரம்

2 குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஏறத்தாழ 1,500 வாட். எர்த் உள்ள சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். ஐந்து செல்போன்கள் சார்ஜ் ஏறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல.

இயல் 4: ஏறுதல், இறங்குதல்

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது கால்கள் பெல்ட்டின் மேல் இருக்கக் கூடாது, இரு பக்கத் தட்டுகளில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன் பெல்ட் முழுதும் நின்றிருக்க வேண்டும். இவ்வளவே. இதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லாததால் முனைவர் பட்டத்துக்குத் தகுதியற்ற இயல் எனக் கருதப்படுகிறது. விபத்துகளில் பலவும் இங்கேதான் நடக்கின்றன.

இயல் 5: சிவப்புச் சாவி

இவ்வாய்வின் உயிர்நிலை இது. கன்சோலில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு வில்லை, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கிளிப். இம்மூன்றும் சேர்ந்ததே சேஃப்டி கீ. சாவி இல்லாமல் கருவி தொடங்காது. ஓடும்போது பிடுங்கினால் நிற்கும். நடப்பவர் சறுக்கிப் பின்னே போனால் ஆடையில் மாட்டிய கிளிப் கயிற்றை இழுக்கும், கயிறு சாவியை இழுக்கும். முதல் நாளே குறைந்த வேகத்தில் கயிற்றை இழுத்து, பெல்ட் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது மூலம்.

தேவை ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 6 கி.மீ. என்பது வினாடிக்கு 1.67 மீட்டர். வீட்டு டிரெட்மில்லின் நடைதளம் சுமார் 1.2 மீட்டர் நீளம். முன்பக்கம் நடந்துகொண்டிருப்பவர் காலிங் பெல் கேட்டு அப்படியே நின்றுவிட்டால், ஒரு வினாடிக்குள் கருவியின் பின்விளிம்பைக் கடந்துவிடுவார். 'யாரது?' என்பதன் முதலெழுத்தைத் தளத்தின் மேலும் மற்றவற்றைத் தரையிலும் சொல்வார்.

ஆகவே கிளிப்பை ஆடையில் மாட்ட வேண்டும். எந்த ஆடையில் என்பதே ஆய்வுச் சிக்கல்.

டி-ஷர்ட்: சிக்கலில்லை. அதனாலேயே ஆய்வுக்கு உதவாது.

சுடிதார்: துப்பட்டாவைக் கழற்றிவிட்டு, இடுப்பருகே கமீஸில் மாட்ட வேண்டும். தொங்கும் துப்பட்டாவைப் பின் உருளை தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

சேலை: இடுப்பில் செருகிய மடிப்பில் மாட்டுவோர் பிழைக்கலாம். முந்தானை நுனியில் மாட்டுவோரின் நிலை வேறு. ஐந்தரை மீட்டர்ச் சேலையில் முந்தானை பிரிந்து, நீண்டு, இறுகி, பிறகே கயிறு சாவியை எட்டும். அதற்குள் உடுத்தியவர் இயல் 2-ல் கூறிய பீரோவை அடைந்திருப்பார்.

நைட்டி: துணி மிகுதி, பிடிமானம் குறைவு. கழுத்துப்பட்டையில் மாட்டலாமா என்பது தனி விவாதம் (எதிர்வீட்டு மறுப்புரை, வாசற்படிப் பதிப்பு).

லுங்கி: உரைகாரர்கள் இங்குதான் பிரிகிறார்கள். கிளிப்பை லுங்கியில் மாட்டியவர் விழும்போது இரண்டு பிணைப்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றன: கன்சோலில் காந்தம், இடுப்பில் முடிச்சு. காந்தம் முதலில் விட்டால் கருவி நிற்கும், லுங்கி நிற்கும். முடிச்சு முதலில் விட்டால் கருவி ஓடும், லுங்கி கயிற்றில் தொங்கும், உடையவர் தரையில் இருப்பார். இரண்டும் ஒருசேர விட்டால் கருவி நிற்கும், மற்றது நிற்காது. தம் முடிச்சு இதுவரை அவிழ்ந்ததில்லை என்பது மாமனார் உரை (மாமனார், ஊஞ்சற் பதிப்பு, ஒன்றாம் வீச்சு). அவிழ்ந்ததில்லை என்பது அவிழாது என்பதற்குச் சான்றாகாது என்பது மருமகன் விளக்கம் (மனத்துக்குள் பதிப்பு, சுவடி வெளிவரவில்லை). மடித்துக் கட்டினால் முடிச்சு வலுவாகும், கீழ்க்கரையும் காலில் சிக்காது என்று சமரசம் காண்பர் பிற்காலத்தார் (மாமனார், மேலது, மாமனார், அதே நாள், காபிக்குப் பின், மாறாகக் காண்க: மாமியார், சமையலறை ஒலிப்பதிவு, மூன்றாம் குக்கர் விசிலால் சிதைந்த பாடம்).

அச்சிதைந்த பாடம் இவ்வாறு கிடைக்கிறது: 'லுங்கியோட அதுல ஏறாதீங்க, … போயிடும்.' விடுபட்ட சொல் 'கரண்ட்' என்பர் ஒருசாரார். 'சாவி' என்பர் நவீனர். சீரும் தளையும் நோக்கி 'மானம்' என்று கொள்வதே சிறப்பு. மாமியாரையே கேட்டிருக்கலாமே என்ற யோசனை மாணவர் ஒருவரால் முன்வைக்கப்பட்டு, ஆய்வு நெறிக்குப் புறம்பானது என்று தள்ளப்பட்டது.

இத்தனை வகைகளையும் கள ஆய்வில் மிஞ்சி நிற்பது வேறொன்று. பெரும்பான்மையோர் கிளிப்பை எந்த ஆடையிலும் மாட்டுவதில்லை. கருவியின் கைப்பிடியிலேயே மாட்டுகிறார்கள். இதன்படி நடப்பவர் விழுந்தால் ஒன்றும் ஆகாது. கைப்பிடி விழுந்தால் கருவி உடனே நின்றுவிடும்.

நடந்து முடிந்ததும் சாவியைக் கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பிளக்கையும் பிடுங்க வேண்டும். இதில் மட்டும் உரை வேறுபாட்டுக்கு இடமில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் கருவிகள் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது. கருவியின் பின்பக்கத்துக்கு அடியில் ஆட்களும் பிள்ளைகளும் செல்லப்பிராணிகளும் இழுக்கப்பட்டதாக 70-க்கும் மேற்பட்ட புகார்கள். ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்திருந்தது. சாவி காந்தமாக இருப்பதால் நம் வீடுகளில் அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கும் மரபு உள்ளது. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சரியாகக் கைக்கெட்டும் உயரம் அது.

இயல் 6: கன்சோல்

கன்சோலில் நேரம், வேகம், தூரம், கலோரி, நாடி என ஐந்து எண்கள் ஓடும். முதல் மூன்றையும் கருவி அளக்கிறது. மற்ற இரண்டில் ஆராய்ச்சி தொடங்குகிறது.

கலோரிக்கு நடப்பவரின் எடை தெரிய வேண்டும். எடையைக் கேட்காத கன்சோல், தானாக ஓர் எடையை வைத்துக்கொண்டு கணக்கிடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நடைச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நடக்கும் 70 கிலோ மனிதருக்குச் சுமார் 124 கலோரி, 90 கிலோ மனிதருக்குச் சுமார் 160. சாய்வை 5 சதவீதமாக்கினால் 70 கிலோகாரரின் கணக்கு 200-ஐத் தாண்டும். இது கைப்பிடியைப் பிடிக்காதவருக்கு. சாய்வை ஏற்றிவிட்டுக் கைப்பிடியில் தொங்குபவரின் உழைப்பில் ஒரு பங்கைக் கைப்பிடியே செய்துவிடுகிறது. கன்சோல் அதையும் அவர் பேரிலேயே வரவு வைக்கிறது. பல்கலைக்கழகங்களில் இணையாசிரியர் முறை என்று வழங்குவது இதுவே.

நாடிக்குக் கைப்பிடியிலுள்ள உலோகத் தகடுகளைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கை வழியே இதயத்தின் மின்துடிப்பை அவை உணரும். கை அசைந்தால் எண் குழம்பும். காட்டிய எண்ணைச் சுவரில் ஒட்டிய '220 கழித்தல் வயது' என்ற வாய்ப்பாட்டோடு ஒப்பிடுவது வழக்கம். இவ்வாய்ப்பாடு டிரெட்மில் அட்டைகளிலும் பாடநூல்களிலும் அரை நூற்றாண்டாகச் சுற்றுகிறது. அதன் மூல ஆய்வு எது என்று 2002-ல் ராபர்க்ஸும் லேண்ட்வேரும் தேடிப் போனார்கள். அப்படியோர் ஆய்வே இல்லை. 1971-ல் வெளியான ஒரு கட்டுரையில், பலருடைய தரவுகளைச் சேர்த்துக் கண்ணளவில் போட்ட கோடு அது. அதன்பின் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே அது உண்மையாயிற்று. 2001-ல் தனாக்கா குழுவினர் தந்த வாய்ப்பாடு, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டும் 180 தரும். 60 வயதில் ஒன்று 160, மற்றது 166.

சாய்வை எப்போதும் 1 சதவீதத்தில் வைக்க வேண்டும் என்ற விதிக்கும் இதே கதி. ஜோன்ஸ், டவுஸ்ட் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு அது. வெளியே ஓடும்போது எதிர்க்கும் காற்றுக்கு ஈடாக 1 சதவீதம் போதும் என்றது. அதில் பங்கேற்றவர்கள் மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் ஓடினார்கள். 4 கி.மீ. வேகத்தில் சீரியல் பார்த்துக்கொண்டு நடப்பவரை எந்தக் காற்றும் எதிர்ப்பதில்லை.

மோட் பொத்தான் நேரத்தையோ தூரத்தையோ முன்கூட்டியே குறித்து இறங்குமுகமாக எண்ணவைக்கும். பி1, பி2 என வரிசையாக உள்ள புரோகிராம்கள் நேரத்தைச் சம கூறுகளாக்கி வேகத்தைத் தாமே மாற்றும். 'பீப்' கேட்டால் அடுத்து வேகம் மாறப்போகிறது என்று கொள்க. சில கன்சோல்களில் உடற்கொழுப்புச் சோதனையும் உண்டு. பாலினம், வயது, உயரம், எடை எல்லாம் கேட்டு, கைப்பிடியையும் பிடிக்கச் சொல்லி, கடைசியில் உயரத்தையும் எடையையும் மட்டும் கொண்டு பிஎம்ஐ எண்ணைத் தரும். 64 வினாக்கள் கொண்ட வினாநிரலைப் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டு, ஆய்வேட்டில் இரண்டை மட்டும் பயன்படுத்தும் மரபை இயந்திரமும் கற்றுவிட்டது.

இயல் 7: எண்ணெய்

பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது மூலத்தில் உள்ளது. தேங்காய் எண்ணெய் போதும் என்பது எதிர்வீட்டு மறுப்புரை. அவ்வீட்டுப் பெல்ட் இப்போது மாற்றப்பட்டுள்ளது. பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்பக்க இடது போல்ட்டை அலென் சாவியால் கால் சுற்று வலஞ்சுழியாகத் திருப்பி, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இயல் 8: ஈரத்துணி உலர்த்தல்

இத்துறையில் எல்லா வீடுகளும் கரைகண்டுவிட்டன.

மேலாய்வுக் களங்கள்

எதிர்கால ஆய்வாளர்களுக்கு மூன்று தலைப்புகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒன்று, டிரெட்மில்லில் நடந்தபடி போனில் சண்டை போடுவோரின் வேகக் கட்டுப்பாடு. இரண்டு, காந்தத்துக்கும் லுங்கி முடிச்சுக்கும் இடையிலான விசை, பருத்தி, பாலியஸ்டர் துணிகளில் தனித்தனியாக. மூன்று, பயனர் கையேட்டின் நான்காம் பக்கம்: அதில் 'எச்சரிக்கை' என்ற தலைப்பின் கீழ் ஏதோ அச்சிடப்பட்டிருப்பதாகப் பொருத்த வந்த தம்பி சொல்லிப் போனார். இதற்கு நெறியாளர் யாரும் இதுவரை கையெழுத்திடவில்லை.