ஆண்ட்ரூவின் பதவி உயர்வு

செத்துப் பத்து வருஷம் கழித்துப் பதவி உயர்வு ஆணை வருவதெல்லாம் அரசு உத்தியோகத்தில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஆண்ட்ரூவுக்கும் நடந்திருக்கிறது. ஆண்ட்ரூ ஆள் அல்ல, சூறாவளி. 1992 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் தெற்கு ஃபுளோரிடாவைத் துவம்சம் செய்துவிட்டு அது போனபோது, காற்றின் வேகத்தை வைத்துப் பிரிப்பதில் அதன் தகுதி 4ஆம் வகை, மணிக்கு 145 மைல். 2002 ஆகஸ்டில், பத்தாம் ஆண்டு நினைவு நாளை ஒட்டி, அது 5ஆம் வகை, 165 மைல் என்று அறிவித்தார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டில் அது ஒரு தென்னங்கீற்றைக்கூட அசைக்கவில்லை.

உயிரோடிருந்தபோதும் ஆண்ட்ரூவின் பணிப்பதிவேடு சுமார் ரகம்தான். ஆகஸ்ட் 20ஆம் தேதி அதன் நடுவில் காற்றழுத்தம் 1015 மில்லிபார். சும்மா வெயிலடிக்கும் நாளிலேயே 1013 இருக்கும். புயல் என்று பெயர் வைத்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அதைப் புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றே நாளில் அது 922க்கு இறங்கியது. கையாலாகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் திடீரென்று வேலையில் இறங்கினால் அலுவலகம் தாங்காது, மயாமி தாங்கவில்லை.

சரி, எவ்வளவு வேகத்தில் வந்தது? அளந்தால் தெரிந்துவிடும். அளப்பதற்கு வைத்திருந்த கருவிகள்தான் முதலில் போயின. கடலுக்குள் ஃபோவி ராக்ஸ் என்ற கலங்கரை விளக்கத்தில் இருந்த தானியங்கி நிலையம் 169 மைல் வீச்சு என்று சொல்லிவிட்டு, உச்சக் காற்று வருமுன்பே வாயை மூடிக்கொண்டது. கோரல் கேபிள்ஸில் இருந்த தேசிய சூறாவளி மையத்தின் கட்டடத்தில் 164 மைல் வீச்சு பதிவானது. அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்த ரேடாரைப் புயல் பெயர்த்துக் கீழே தள்ளியது. நாட்டுக்கெல்லாம் புயல் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள், தங்கள் தலைக்கு மேல் கேட்ட சத்தத்தை வைத்து அது இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் பெரைன் பகுதியில் குடியிருந்த ஒரு சாதாரண மனிதர். வீட்டில் சொந்தமாகக் காற்றுமானி வைத்திருந்தார். வீடு உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஓடி ஒளியாமல் முள்ளைப் பார்த்தார். 212 மைல் காட்டியது. கொஞ்ச நேரத்தில் முள்ளும் இல்லை, பார்க்க இடமும் இல்லை. விஞ்ஞானிகள் அவரைச் சிரித்து அனுப்பிவிடவில்லை. அதே மாதிரிக் கருவிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். அந்த ரகக் கருவி உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும் என்று தெரிந்தது. கழித்தது போக அவருக்குக் கிடைத்தது 177 மைல். அதுவும் சில நொடி வீச்சுதான். வகை பிரிக்கும் கணக்கில் வீச்சு செல்லாது. ஒரு நிமிடம் நின்று அடித்த காற்றின் சராசரி வேண்டும். வீட்டைப் பறிகொடுத்தவரிடம், ‘ஐயா, ஒரு நிமிடம் நின்று அடித்ததா?’ என்று கேட்கும் துறை இது.

மிச்சமிருந்தது விமானம். 10,000 அடி உயரத்தில் பறந்து 162 நாட் வேகம் பார்த்திருந்தது. ஆனால் வீடு கட்டிக் குடியிருப்பவர் யாரும் அந்த உயரத்தில் இல்லை. மேலே இவ்வளவு என்றால் கீழே எவ்வளவு? முக்கால் பங்கு, மிஞ்சிப்போனால் எண்பது சதவீதம் என்பது அந்தக் கால வாய்ப்பாடு. அதன்படி 125 நாட், அதாவது 145 மைல், 4ஆம் வகை. கோப்பு மூடப்பட்டது.

1997இல் புது வகைக் கருவி வந்தது. குழாய் போல் ஒன்று. விமானத்திலிருந்து போட்டால் கடலில் விழும்வரை காற்றின் வேகத்தைச் செயற்கைக்கோள் உதவியோடு சொல்லிக்கொண்டே போகும். பல புயல்களுக்குள் இதைப் போட்டுப் பார்த்ததில், புயலின் கண்ணைச் சுற்றிய சுவரில் கீழே அடிப்பது மேலே அடிப்பதில் தொண்ணூறு சதவீதம் என்று தெரியவந்தது. உடனே பழைய கோப்பைத் திறந்து 162ஐ 0.9ஆல் பெருக்கினார்கள். விடை கிட்டத்தட்ட 145 நாட். மைலில் 165. புள்ளி ஒன்பதுக்கு இவ்வளவு சக்தி.

எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. சேதத்தை நேரில் பார்த்த பொறியாளர்கள் பலர், இதற்கு இவ்வளவு காற்றே தேவையில்லை என்றார்கள். புதுக் குடியிருப்புகளில் கூரைப் பலகையை உத்திரத்தோடு இணைக்க ஆணிக்குப் பதில் ஸ்டேபிள் பின் அடித்திருந்தார்கள். அதிலும் பல பின்கள் உத்திரத்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. புயல் 5ஆம் வகை என்றால் கட்டியவர் ‘தெய்வச் செயல்’ என்று கைவிரிக்கலாம். வகை இறங்க இறங்க, ஆணி எங்கே என்ற கேள்வி மேலே வரும்.

கமீல் என்ற சூறாவளிக்கு நடந்தது நேரெதிர். 1969இல் மிசிசிப்பியில் கரை கடந்தபோது 190 மைல் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கரையோரப் பெரியவர்களுக்கு 190 என்பது குலப்பெருமை. எந்தப் புயல் வந்தாலும் ‘நாங்க கமீலையே பார்த்தவங்க’ என்பார்கள். 2014இல் கணக்கைத் தூசி தட்டி 175 ஆக்கிவிட்டார்கள். வகை மாறவில்லை, பெருமைதான் 15 மைல் குறைந்தது. அதற்கு முன்பே அந்தப் பெருமை ஆளையும் கொன்றிருக்கிறது: கமீலுக்குத் தண்ணீர் வராத வீட்டுக்கு இனி எதற்கும் வராது என்று நம்பி 2005இல் கத்ரீனாவின்போது வெளியேறாதவர்கள் இருந்தார்கள். அந்தக் கரையில் தண்ணீர் சுமார் 28 அடி ஏறியது.

அந்தக் கத்ரீனாவின் கதைதான் வயிற்றெரிச்சல். லூயிசியானாவில் கரை கடந்த அன்று 4ஆம் வகை. அந்த ஆண்டு முடியுமுன் வந்த அறிக்கையில் 3ஆம் வகை, 125 மைல். நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதியில் அடித்தது 1 அல்லது 2ஆம் வகைக் காற்றாகத்தான் இருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்களைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படைக்கு இதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது. அசுரன் வந்து உடைத்தான் என்று சொல்லலாம். நடுத்தர ஆசாமி வந்து உடைத்தான் என்று எப்படிச் சொல்வது? 2006இல் அவர்கள் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் கரை கடந்தபோது கத்ரீனாவின் காற்றழுத்தம் 920 மில்லிபார். ஆண்ட்ரூவைவிட இரண்டு குறைவு. அழுத்தத்தை மட்டும் பார்த்தால் கத்ரீனாதான் சீனியர். ஆனால் ஆண்ட்ரூ குள்ளன், வலுவையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தவன். கத்ரீனா அதைப் பல நூறு மைலுக்குப் பரப்பியவள். காற்று குறைந்தது, கடல் எழுந்தது. வகைப் பட்டியலில் கடலுக்கு மதிப்பெண் கிடையாது.

காப்பீட்டுக்காரர்களுக்கு அது தெரியும். வீட்டுக் காப்பீடு காற்றுக்குப் பணம் தரும், வெள்ளத்துக்குத் தராது. மிசிசிப்பிக் கரையில் சிமென்ட் தளம் மட்டும் மிஞ்சிய மனைகளில் நின்றுகொண்டு, வீட்டை முதலில் தூக்கியது காற்றா தண்ணீரா என்று இரு தரப்பும் வானிலை நிபுணர்களைக் கூலிக்கு அமர்த்தி வாதாடினார்கள். சாட்சி சொல்ல வேண்டிய வீடு கடலில் இருந்தது.

2012இல் வகைகளின் எல்லையையே ஒரு மைல் நகர்த்தினார்கள். நாட் கணக்கை மைலாக்கி ஐந்தின் மடங்காக முழுதாக்கும்போது 4ஆம் வகைப் புயல் காகிதத்தில் 3ஆம் வகையாகிவிடுகிறதாம். வாய்ப்பாடு இடித்ததால் புயல்களுக்கான வேலியைத் தள்ளி நட்டார்கள். அந்தப் புது வேலியில் 2018 அக்டோபரில் மைக்கேல் மாட்டியது. ஃபுளோரிடாவின் மெக்சிகோ பீச்சில் இறங்கியபோது 155 மைல், 4ஆம் வகை. ஆறு மாதம் கழித்து மறு ஆய்வில் 160 மைல், 5ஆம் வகை. ஐந்தே மைல். ஊர் தரைமட்டமாகியிருந்தது, அங்கே யாரும் மறு ஆய்வு கேட்கவில்லை.

இன்றைய கணக்குப்படி அமெரிக்கப் பெருநிலத்தில் 5ஆம் வகையாகவே கரை ஏறிய புயல்கள் நான்கு: 1935, 1969, 1992, 2018. கடைசி இரண்டும் கரை கடந்த அன்று அந்தப் பட்டியலில் இல்லை.